பெரியத்தானின் பித்தளை மூடி

பெரியத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆற்றுக் கசத்தில், தேங்கின தண்ணீருக்குள் கிடந்த குழாய் ஒரு உதறு உதறியது. மறுமுனையில் தண்ணீர் கொப்பளித்து விழுந்தது.

அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. இசக்கிமுத்துவைப் பார்த்தார்.

“நான் இழுத்தா ஓடுது. நீ இழுத்தா நிக்குது. இதுக்கு என்னலே அர்த்தம்?”

பகல் முழுக்கக் கயிறு இழுத்ததில் இசக்கிமுத்துவின் உள்ளங்கை தோல் உரிந்து போயிருந்தது. அதைத் துண்டால் ஒற்றிக்கொண்டு நின்றார். பெட்ரோல் புகையும் காய்ந்த வாழைச் சருகின் மணமும் கலந்து மூக்கைக் கரித்தன.

நான் சாயங்காலக் காபித் தூக்கோடு வரப்பில் நின்றிருந்தேன். காபி யாருக்கு என்று கேட்காமலே பெரியத்தான் கையை நீட்டினார். ஆபீஸிலிருந்து வந்து ஒரே ஒரு கயிறு இழுத்த களைப்பு அவருக்கு.

எழுதாதே என்றார்கள்

பெரியத்தான் என்றால் என் கணவரின் அண்ணன். சொக்கலிங்கம் என்று பெயர். நான் எழுதிவருகிற இந்தத் தொடரில் அவர் தலை காட்டிய நாளிலிருந்து என் நாத்தனாருக்குத் தூக்கம் போய்விட்டது. போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் என்ன என்று கேட்டாள்.

எழுதலாம். நன்றாக உடுத்துவார். திருநீறு கோடு விலகாமல் பூசுவார். நாலு வார்த்தைக்கு மேலேயே ஆகிவிட்டது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில் ஆற்றை ஒட்டின ஊர் எங்களுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்தவள். பெண் பார்க்க வந்தபோது பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பௌதிகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் பட்டத்தால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே உபயோகம், கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று அச்சடித்ததுதான்.

வீட்டில் எந்திர விவகாரம் எல்லாம் பெரியத்தான் கையில். திருநெல்வேலியில் அரசாங்க உத்தியோகம். கோப்பு நகர்த்துகிற வேலை. அதனால் உலகத்தில் நகருகிற பொருள் எல்லாம் தனக்குக் கட்டுப்பட்டது என்று ஒரு நினைப்பு அவருக்கு.

நான் போவதற்கு முன்பே கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பழுது பார்த்திருந்தார். அது அதன் பிறகு மணி அடிப்பதை விட்டுவிட்டு, யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் மட்டும் அடித்தது. நான் போன பிறகு ரேடியோவைத் திறந்தார். மூடும்போது சில திருகாணிகள் மிஞ்சின. கம்பெனிக்காரன் வேண்டாததை எல்லாம் போட்டிருக்கிறான் என்று சொல்லி அவற்றை ஒரு பழைய டப்பாவில் போட்டு வைத்தார். ரேடியோவில் அப்புறம் ஒரே ஒரு நிலையம்தான் கேட்டது, அதுவும் எங்களில் யாருக்கும் புரியாத பாஷையில். மாமியார் அதையும் தினமும் கொஞ்ச நேரம் கேட்டார்கள். மகன் சரிபண்ணிக் கொடுத்ததாயிற்றே.

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். சாது. வீட்டில் எதைக் கேட்டாலும் “அண்ணன் சொன்னா சரியா இருக்கும்” என்பார். ஒரு தடவை, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கும் அதே பதில் வந்தது.

அந்தக் கோடை

பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். நெல்லுக்கு அது போதும். வாழைக்குப் போதாது. எங்கள் வயலில் அந்த வருஷம் நாட்டு வாழையும் கொஞ்சம் ஏத்தன் வாழையும் நின்றன. சித்திரை வெயிலில்தான் அவை குலை தள்ளத் தொடங்கின. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் காய் பெருக்காது. கழுத்து ஒடிந்து குலை தலைகீழாகத் தொங்கும்.

ஆற்றில் அங்கங்கே கசம் கட்டிக் கிடந்த தண்ணீரை இறைத்துப் பாய்ச்சத்தான் அந்தச் சின்னப் பெட்ரோல் எஞ்சினை வாங்கினார்கள். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எஞ்சின் தலைக்கு மேலே டாங்கி, அதிலிருந்து கீழே கார்புரேட்டருக்கு இறங்கும் சின்னக் குழாய், பக்கத்தில் கயிறு இழுத்துச் சுழற்றும் சக்கரம். அவ்வளவுதான். ஒளித்து வைக்க அதில் ஒரு ரகசியமும் கிடையாது.

இயக்கினது இசக்கிமுத்து. எங்கள் வயலில் பல வருஷமாக வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை “இசக்கியண்ணே” என்று கூப்பிட்டேன். அந்த வீட்டில் அது ஒரு பிரச்சினையாகி, கூடத்தில் வைத்து விவாதிக்கப்பட்டு, கடைசியில் பட்டணத்துப் பழக்கம் என்று மன்னிக்கப்பட்டது. பாளையங்கோட்டை ஒரு பட்டணம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எஞ்சின் முதலில் நன்றாகத்தான் ஓடியது. காலையில் ஆரம்பித்தால் டாங்கி வற்றுகிற வரைக்கும் ஓடும். இசக்கிமுத்து மறுபடி ஊற்றுவார், மறுபடி ஓடும்.

அப்படி நன்றாக ஓடியதுதான் பெரியத்தானை உறுத்தியது. இவ்வளவு பெட்ரோலா குடிக்கும் ஒரு சின்ன எஞ்சின்? சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வயலுக்கு வந்து டாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போவார். கொஞ்ச நாளில் பூட்டோடு வந்தார்.

மூடி வந்தது

எஞ்சினோடு வந்த டாங்கி மூடி லேசான தகரம். கையால் திருகிக் கழற்றலாம். அது போதாது என்று டவுனில் ஒரு பட்டறையில் சொல்லிப் புது மூடி செய்து வாங்கிவந்தார். பித்தளை. பக்கத்தில் காது வைத்து, டாங்கியிலும் ஒரு காது பற்றவைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டு. ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது என்று உள்ளே லாரி ட்யூபை வெட்டி வளையமாகப் போட்டிருந்தார். மேல்தகட்டில், பாத்திரக் கடையில் குடத்துக்கு வெட்டுகிற மாதிரி, பெயர் வெட்டியிருந்தது. ந. சொ. — தகப்பனார் எழுத்து, அவர் எழுத்து.

அதைக் கூடத்தில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சாவி அவருடைய அரைஞாணில். காலையில் ஆபீஸ் போகுமுன் வயலுக்கு வந்து டாங்கியை விளிம்பு வரைக்கும் நிரப்பி, மூடியை முறுக்கி, பூட்டிவிட்டுப் போவார். இசக்கிமுத்து பூட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “பூட்டுங்கய்யா” என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வாரமே எஞ்சினுக்குச் சீக்கு வந்தது.

காலையில் பிடித்துக்கொள்ளும். ஒரு வரிசை வாழை நனைகிற வரைக்கும் ஒழுங்காக ஓடும். அப்புறம் சத்தம் ஏறும், இறங்கும், இழுத்து இழுத்து மூச்சு விடும், செத்துவிடும். இழுத்தால் வராது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒரு உறுமு உறுமிவிட்டு மறுபடி நிற்கும். சாயங்காலம் பெரியத்தான் வந்து, பூட்டைத் திறந்து, எவ்வளவு பெட்ரோல் செலவாகியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, கயிற்றை இழுப்பார். சமர்த்தாக ஓடும்.

ஆளாளுக்கு வைத்தியம்

ஏரலிலிருந்து மொபெட் பழுது பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் எஞ்சினைச் சுற்றி வந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். பெரியத்தான் பூட்டைத் திறந்து காட்டினார். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, மாட்டி, இழுத்தார். ஓடியது. பிளக்கில் கரி பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நின்றது.

மறுபடி வந்தார். மறுபடி மூடியைத் திறந்து பார்த்தார்கள். கார்புரேட்டரைப் பிரித்து, துவாரங்களில் வாயால் ஊதி, மறுபடி மாட்டினார். ஓடியது. தூசி என்றார். மறுநாள் நின்றது.

இப்படியே பாயிண்டு, வயர், வடிகட்டி என்று எஞ்சினின் ஒவ்வொரு உறுப்பும் முறை வைத்துக் குற்றவாளி ஆனது. ஒவ்வொரு தடவையும் வைத்தியம் பலித்தது. பலித்த வைத்தியம் மறுநாள் வரைக்கும்கூடத் தாங்காதது ஏன் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வெற்றி பெற்றவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

கடைசியில் மெக்கானிக்குக் கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. பெட்ரோலில் எதையோ கலந்திருக்கிறார்கள் அண்ணாச்சி, தண்ணியோ மண்ணெண்ணெயோ, என்று சொல்லிவிட்டார்.

பெரியத்தானுக்கு அது போதும். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணக்கைத் தீர்த்தார். பூட்டுப் போட்டதால் இசக்கிக்குத் திருட வழியில்லை. அந்த வீம்பில் எஞ்சினைக் கெடுக்கிறான். பூட்டுப் போட்ட வாரத்தில்தானே சீக்கு ஆரம்பித்தது? அதுதான் சாட்சி.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நான், பூட்டுப் போட்ட டாங்கிக்குள் எப்படிக் கலக்க முடியும் என்று கேட்டேன். அடியில் இருக்கும் குழாய் வழியாக ஏற்றியிருப்பான் என்றார். தண்ணீர் தானாக மேலே ஏறுமா என்று கேட்டேன். என் கணவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைக் காட்டினார், பேசாமல் இரு என்று. ரசம் போதும் என்றார் பெரியத்தான்.

டீக்கடையில் வைத்து

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. ஊருக்குச் செய்தி எல்லாம் அங்கிருந்துதான் புறப்படும். மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியத்தான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த இசக்கிமுத்துவை எல்லோர் முன்னிலையிலும் கள்ளப்பயல் என்று சொன்னார். பெட்ரோல் எடுத்தான், இப்போது எஞ்சினைக் கெடுக்கிறான், இனி வயல் பக்கம் கால் வைக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு இதைச் சொன்னது என் கணவர். அவரும் அங்கேதான் இருந்திருக்கிறார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார்.

இசக்கிமுத்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாராம். அதைக்கூட ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் பேசியிருந்தால் திமிர் என்று சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் வேறு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பெரியத்தான் வாயிலிருந்து வந்ததை உடனே நம்புவதில் ஊருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தாசில்தார் ஆபீஸில் காரியம் ஆக அவர் தயவு வேண்டியிருந்தது.

பெரியத்தான் லீவு போட்டார். நானே நின்று ஓட்டிக் காட்டுகிறேன் என்று குடையோடு வயலில் நின்றார். நிமிஷத்துக்கு ஒரு தடவை பூட்டைத் திறந்து, பெட்ரோல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, குறைந்ததை ஊற்றி, மூடுவார். எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“பாத்தியாளா? ஆளு போனான், சீக்கும் போச்சு” என்றார் என்னிடம்.

உஸ்

லீவு முடிந்தது. கோடை விடுமுறையில் சும்மா இருந்த என் கணவரை எஞ்சினுக்குக் காவல் வைத்துவிட்டு, டாங்கியை நிரப்பிப் பூட்டி, சாவியோடு பஸ் ஏறினார். ஒரு வரிசை நனைந்ததும் எஞ்சின் நின்றது.

இப்போது யார் வீம்பு என்று கேட்டேன். எனக்குக் கைராசி இல்லை போல என்றார் என் கணவர். மருத மரத்தடியில் உட்கார்ந்து பத்திரிகையைத் திறந்தார். வயலின் கோடியில் இரண்டு வாழைகள் அதற்குள் கழுத்து ஒடிந்துவிட்டன. பிஞ்சுக் குலை மண்ணைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் எப்படிப் படித்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் அங்கேயே இருந்தேன். பெரியத்தான் பஸ்ஸிலிருந்து நேராக வந்து, தம்பிக்குக் கயிறு இழுக்கத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டே பூட்டைத் திறந்து மூடியைத் திருகினார்.

மூடி தளர்ந்த அந்த நொடியில் உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. காற்று உள்ளே போகிற சத்தம்.

அவருக்குக் கேட்கவில்லை. அவர் பேசும்போது வேறு எந்தச் சத்தமும் அவர் காதில் விழாது.

எனக்குக் கேட்டது. கேட்டதும் பௌதிகம் எல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை, அடுக்களைதான் வந்தது. நல்லெண்ணெய் டின்னை உடைக்கும்போது ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுகாது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும், காற்று உள்ளே போவதற்கு. அந்த வீட்டில் கரண்டி பிடித்த அத்தனை பேருக்கும் இது தெரியும். கரண்டி பிடிக்காதவர்கள்தான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டார்கள்.

டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய தகர மூடியில் அதற்கென்று ஊசி முனையளவு ஓட்டை இருந்தது. புதிய மூடியில் இல்லை. லாரி ட்யூப் வளையம் வேறு. காற்றுக்கு வழி இல்லாமல் பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே நின்றுபோகிறது. மூடியை யார் திறந்தாலும் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் திறந்தார், ஓடியது. பெரியத்தான் திறந்தார், ஓடியது. திறக்கச் சாவி இல்லாத ஒரே ஆள் இசக்கிமுத்து. அதனால் அவர் கள்ளன்.

ராத்திரி இதைச் சொன்னேன். ஒரு நாள் மட்டும் மூடியை இறுக்காமல் விட்டுப் பாருங்கள் என்றேன். பெரியத்தான் சிரித்தார். காற்றுப் போக வழி வைத்தால் பெட்ரோல் ஆவியாகிவிடும், பி.எஸ்ஸி.யில் இதைச் சொல்லித் தரவில்லையா என்றார். என் கணவர், அண்ணனுக்குத் தெரியாததா என்றார்.

புள்ளி

மறுநாள், காலண்டர் மாட்ட வைத்திருந்த ஆணியையும் சுத்தியலையும் சாப்பாட்டுத் தூக்கோடு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். எஞ்சின் வழக்கம்போல் செத்துக் கிடந்தது. நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறினதும், பொறி பறந்து தீப்பிடித்துவிடக் கூடாதென்று, டாங்கியைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்தினேன்.

ஆணியைப் பார்த்ததும் என் கணவர் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்தார்.

“ஏளா, என்ன செய்யுத? அண்ணன் பேரு வெட்டின மூடிளா அது.”

“பேருல படாது. நடுவுல இருக்க புள்ளியில அடிக்கேன்.”

அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. மருத மரத்துக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். பின்னாளில் யாராவது கேட்டால் நான் பார்க்கவில்லை என்று சொல்லலாமே.

‘ந’வுக்கும் ‘சொ’வுக்கும் நடுவில் வெட்டியிருந்த புள்ளியில் ஆணியை வைத்துப் பைய பையத் தட்டினேன். மேல்தகடு மெல்லிசுதான். கொஞ்சத்தில் இறங்கிவிட்டது. ஆணியைப் பிடுங்கியதும் அதே உஸ். இந்தத் தடவை என் கணவருக்கும் கேட்டது. மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

ஒரு வரிசை நனைந்தது. சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுத்த வரிசைக்கு மடை மாற்றினேன். கொண்டுபோன சோறு தூக்கில் அப்படியே இருந்தது. வெயில் சாய்ந்து, கோடியில் இருந்த வாழைகள் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் எஞ்சின் நின்றது. டாங்கி வற்றியதால் நின்றது. பூட்டுப் போட்ட பிறகு அந்த டாங்கி ஒரு நாளில் காலியானது அதுதான் முதல் தடவை.

பெரியத்தான் வந்தார். பூட்டைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை:

“பெட்ரோலை யாரு எடுத்தா?”

“எஞ்சின் எடுத்துது” என்றேன்.

ஓட்டையைக் காட்டினேன். நனைந்த வயலைக் காட்டினேன். அவர் வயலைப் பார்க்கவில்லை. மூடியைக் கையில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புள்ளி வழியாக ஒரு சின்ன ஒளி அவர் கன்னத்தில் விழுந்தது. நல்ல மூடியைப் பாழாக்கிவிட்டாளே என்றார் தம்பியிடம். என்னிடம் இல்லை.

இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுத் தப்பு நம்முடையது என்று சொல்லுங்கள் என்றேன். எஞ்சின் வேறு, களவு வேறு என்றார். முன்னே தீர்ந்த பெட்ரோலுக்கு என்ன கணக்கு என்றார். இன்றைக்கு ஒரு டாங்கி எதற்குச் செலவானதோ அதற்குத்தான் அன்றைக்கும் செலவானது என்றேன். ஒரு ஓட்டைக்கு இவ்வளவு பேச்சா என்று திரும்பிப் போய்விட்டார். என் கணவரிடம், நீங்களாவது போய்ச் சொல்லுங்கள் என்றேன். அண்ணன் மனசு நோகும் என்றார். ஊர் நடுவே கள்ளன் என்று பெயர் வாங்கினவனுக்கு மனசு என்று ஒன்று இருக்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அங்கன போய்ச் சொல்லுங்க

நானே போனேன். இசக்கிமுத்து வீடு ஊரின் மேலக்கோடியில். அவர் மனைவி முற்றத்தில் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அவள் விரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இசக்கிமுத்து வெளியே வந்தார். மூடியில் காற்றுக்கு வழி இல்லாததுதான் கோளாறு, உங்கள் மேல் தப்பே இல்லை என்று சொன்னேன்.

“எம்மேல தப்பு இல்லங்கது எனக்குத் தெரியும்மா” என்றார்.

அவரே மேலும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

“கள்ளன்னு சொன்னது டீக்கடையில வச்சு. இல்லன்னு சொல்லுதது எங்க வீட்டு முத்தத்துலயா? இங்கன சொல்லி யாருக்குக் கேக்கும்? அங்கன போய்ச் சொல்லுங்க.”

அவர் மனைவி அப்போதுதான் முடைவதை நிறுத்தினாள். என்ன செய்யப் போகிறேன் என்று பார்ப்பதற்காக.

எங்கள் வீட்டுப் பெண்கள் டீக்கடை வாசலில் நின்றதே கிடையாது. பஸ் ஏறுவதாக இருந்தால்கூடக் கோவில் பக்கம் ஒதுங்கி நின்று, பஸ் வந்ததும் ஓடிவந்து ஏறுவோம். மறுநாள் காலை, பஸ் வருகிற நேரமாகப் பார்த்து, நேராக டீக்கடைக்குள் போனேன். பெஞ்சு நிறைய ஆள். பெரியத்தான் தினசரியை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்புறம், தண்ணீர்க் குழாயடியில், இசக்கிமுத்து வந்து நின்றுகொண்டிருந்தார்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“இசக்கிமுத்து பெட்ரோல் எடுத்தாரு, எஞ்சினைக் கெடுத்தாருன்னு இங்கன வச்சுச் சொன்னாங்க. அவரு எடுக்கவும் இல்ல, கெடுக்கவும் இல்ல. எங்க வீட்டுல போட்ட மூடிதான் கெடுத்துது. மூடியில ஓட்டை போட்டாச்சு, எஞ்சின் ஓடுது. தப்பு எங்க வீட்டு மேல.”

எல்லோரும் பெரியத்தானைப் பார்த்தார்கள். அவர் தினசரியை மடித்தார். மறுபடி மடித்தார். அது இனி மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதானபோது ஒரு பஸ் வந்தது. விறுவிறுவென்று போய் ஏறிக்கொண்டார்.

அது ஏரல் போகிற பஸ். அவர் ஆபீஸ் இருந்தது திருநெல்வேலியில். கடையில் ஒருவருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை, நான் வீடு போய்ச் சேருகிற வரைக்கும்.

இசக்கிமுத்து சாலையைக் கடந்து வந்தார்.

“கோடியில நிக்க ஏத்தனுக்குத் தண்ணி போச்சாம்மா?” என்று கேட்டார்.

போச்சு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எல்லோருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒருவர் அவசரமாக நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு டீ சொன்னார். நான் திரும்பி நடந்தேன்.

அன்றிலிருந்து பெரியத்தான் நான் பரிமாறி உண்பதில்லை என்று சபதம் எடுத்தார். கடைசி வரைக்கும் அதைக் காப்பாற்றினார். எனக்கு ஒரு இலை குறைந்தது. என் கணவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை என்று பிற்பாடு சொன்னார். அதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கழுத்து ஒடிந்தது போக மிச்ச வாழைகள் தேறிவிட்டன. வைகாசி பிறந்ததும், கயிறு இழுத்து அலுத்துப்போன என் கணவர், அண்ணனிடம் கேட்காமலே இசக்கிமுத்துவுக்கு ஆள் விட்டார். அவர் அதற்குள் திசையன்விளையில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தையும் கூட்டிப் போய்விட்டிருந்தார். ஆள் அங்கேயே போய்க் கூப்பிட்டும் இசக்கிமுத்து வர மறுத்துவிட்டாராம்.

என் கணவருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. அவர் திரும்பி வந்து எங்கள் வயலில் நின்றிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.